வயதைக் கேட்கட்டும், வீட்டு விலாசத்தைக் கேட்க வேண்டாம்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் கடைவீதியில் ஒரு வணிகர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஹஜ்ரத், லண்டன்ல ஆபாசப் படத்துக்குப் பூட்டுப் போட்டுட்டாங்களாம். ஆஸ்திரேலியாவுல சின்னப் பிள்ளைங்க ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கமே வரக்கூடாதுன்னு சட்டமாம். இத்தனை வருஷமா ஜும்ஆ பயான்ல நீங்க தொண்டை வறளச் சொன்னதை அவங்க சட்டமாவே போட்டுட்டாங்க. நீங்க சந்தோஷம்தானே படணும்? ஆனா அதுல கோளாறு இருக்குன்னு பேசப் போறீங்களாமே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிற பலருடைய உள்ளத்திலும் இதே கேள்வி இருக்கும். எனவே அதற்குப் பதில் சொல்வதையே இன்றைய பேச்சாக வைத்துக் கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். பத்து வயதுப் பிள்ளையின் கையில் இருக்கும் செல்போனில் அசிங்கமும் அருவருப்பும் கொட்டிக் கிடப்பதை ஏற்றுக் கொள்கிறவன் நான் அல்ல. அந்தக் கதவை மூட வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வி வேறு. கதவை மூடுகிறவன், அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவருடைய பெயரையும் முகத்தையும் விலாசத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளலாமா? அந்த நோட்டு யார் கையில் இருக்கும்? நாளை யார் கைக்குப் போகும்? இதுதான் கேள்வி.

சட்டம் ஏன் வந்தது?

பிரிட்டனில் மோலி ரஸ்ஸல் என்ற சிறுமி. வயது 14. 2017 நவம்பரில் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டாள். தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்வது பற்றியும் தற்கொலை பற்றியும் சமூக வலைத்தளங்கள் அவளுக்கு மேலும் மேலும் படங்களைக் காட்டிக் கொண்டே இருந்திருக்கின்றன. அவள் மரணத்தில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு என்று 2022 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். இந்தச் சட்டங்களைக் கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று நாம் சொல்லி விடக் கூடாது.

2023-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் 'இணையப் பாதுகாப்புச் சட்டம்' என்ற ஒன்றை நிறைவேற்றியது. 2025 ஜூலை 25 முதல் அதன்படி வயதுச் சோதனை கட்டாயமானது. ஆபாசத் தளங்கள் மட்டுமல்ல. தற்கொலை, தன்னைக் காயப்படுத்திக் கொள்ளுதல், உடல் மெலியப் பட்டினி கிடத்தல் போன்றவற்றைத் தூண்டும் விஷயங்கள் இடம்பெறுகிற தளங்களும் சிறுவர்களைத் தடுத்தாக வேண்டும். "எனக்கு 18 வயது ஆகி விட்டது" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் இனிச் செல்லாது. மீறுகிற நிறுவனத்துக்கு 1 கோடியே 80 லட்சம் பவுண்டு, அல்லது உலகளாவிய வருமானத்தில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலம் 2023 ஜனவரியிலேயே இதைத் தொடங்கி வைத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் இதே போன்ற சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று நீதிபதிகள் மறு பக்கம் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

நோக்கத்தில் குறை இல்லை. வழி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

பார்ப்பது வேறு; பதிந்து வைப்பது வேறு

இங்கே கடை வைத்திருக்கிற சகோதரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்பது நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு பையன் வந்து கேட்கிறான். நீங்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள். மீசை அரும்பாத பையன் என்றால் "போடா வீட்டுக்கு" என்று விரட்டி விடுகிறீர்கள். சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறீர்கள். பார்த்து விட்டுத் திருப்பிக் கொடுத்து விடுகிறீர்கள். அத்தோடு முடிந்தது. அவன் பெயர் உங்களுக்கு நினைவிருக்காது. ஊரும் நினைவிருக்காது.

இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். கடைக்கு வருகிற தாடி நரைத்த பெரியவர் உட்பட ஒவ்வொருவரிடமும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி, முகத்தைப் படம் பிடித்து, என்ன வாங்கினார், எத்தனை மணிக்கு வாங்கினார் என்று எழுதி, அந்தக் கட்டை உங்களுக்கே முகம் தெரியாத வேறொரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் ஒப்புக் கொள்வீர்களா? "சிகரெட் விற்பதைத் தடுக்கத்தானே" என்று சும்மா இருப்பீர்களா?

இன்டர்நெட்டில் நடப்பது ஏறக்குறைய இதுதான். சிறுவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், வருகிற எல்லோரையும் சோதித்தாக வேண்டும். பிரிட்டனில் அனுமதிக்கப்பட்ட வழிகள் என்ன? பாஸ்போர்ட் அல்லது டிரைவிங் லைசென்ஸைப் படம் பிடித்து அனுப்பலாம். கேமரா முன்னால் முகத்தைக் காட்டி, கம்ப்யூட்டர் வயதைக் கணிக்க விடலாம். கிரெடிட் கார்டு கொடுக்கலாம். வங்கிக் கணக்கு மூலமாகவோ செல்போன் கம்பெனி மூலமாகவோ வயதை உறுதி செய்யலாம். இவற்றில் எதைக் கையாள்வது என்பதைச் சட்டம் அந்தந்த நிறுவனத்திடமே விட்டு விட்டது. பெரும்பாலும் அந்த நிறுவனமும் தானே செய்வதில்லை. இதற்கென்றே இருக்கிற வேறு கம்பெனியிடம் ஒப்படைக்கிறது. நீங்கள் பெயர் கூடக் கேள்விப்படாத கம்பெனியிடம் உங்கள் முகமும் பாஸ்போர்ட்டும் போகின்றன.

எழுபதாயிரம் பேரின் கதி

"போனால் என்ன? பத்திரமாக வைத்திருப்பார்கள்" என்று சிலர் சொல்வார்கள். டிஸ்கார்ட் என்று ஒரு நிறுவனம். கம்ப்யூட்டரில் விளையாடும் இளைஞர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக் கொள்ளும் தளம் அது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். வயதுச் சோதனையில், "எனக்கு வயது ஆகி விட்டது, தவறாகத் தடுத்து விட்டீர்கள்" என்று முறையீடு செய்தவர்கள் தங்கள் அரசாங்க அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினார்கள். 2025 அக்டோபரில் அந்த நிறுவனமே அறிவித்தது: ஏறத்தாழ 70,000 பேருடைய அடையாள அட்டைப் படங்கள் திருடர்கள் கைக்குப் போயிருக்கலாம் என்று! எங்கிருந்து போயிற்று? டிஸ்கார்ட் தன் வேலையை ஒப்படைத்திருந்த வெளிக் கம்பெனியிலிருந்து.

அந்த 70,000 பேர் செய்த குற்றம் என்ன? சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள். கேட்டதைக் கொடுத்தார்கள். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக் கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியுமா? பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

சட்டத்துக்குக் கட்டுப்படாதவர்கள் என்ன செய்தார்கள்? பிரிட்டனில் சோதனை தொடங்கிய அன்றே, வேறு நாட்டிலிருந்து பார்ப்பது போலக் காட்டும் வி.பி.என். மென்பொருளை நோக்கிக் கூட்டம் ஓடியது. புரோட்டான் என்ற நிறுவனம் தன்னிடம் புதிதாகச் சேர்ந்தவர்கள் 1,400 சதவீதத்துக்கும் மேல் கூடினார்கள் என்று அறிவித்தது. இன்னும் சிலர், ஒரு வீடியோ கேமில் வரும் கதாபாத்திரத்தின் முகத்தைக் கேமரா முன் காட்டி டிஸ்கார்டின் முகச் சோதனையைத் தாண்டி விட்டார்கள்! பொம்மை முகத்துக்கும் மனித முகத்துக்கும் வேறுபாடு தெரியாத காவல்காரனை நம்பித்தான் இத்தனை ஏற்பாடும்.

முகத்தைப் பார்த்து வயது சொல்லும் மென்பொருள்களில் ஆறை, அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் சோதித்து 2024 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. ஆளின் வயது, ஆணா பெண்ணா, எந்தப் பகுதியில் பிறந்தவர் என்பதைப் பொறுத்துக் கணிப்பு மாறுகிறது என்றும், பெண்களின் முகத்தைக் கணிப்பதில் பெரும்பாலும் பிழை அதிகம் என்றும் அது சொல்கிறது. அப்படித் தவறாகத் தடுக்கப்பட்டவர் என்ன செய்வார்? வேறு வழியில்லாமல் அடையாள அட்டையை அனுப்புவார். அந்த அட்டைதான் திருடு போகிறது. சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

"நான் தப்புச் செய்யவில்லை, எனக்கென்ன?"

இளைஞர்களே, "ஆபாசம் பார்க்கிறவன் பயப்படட்டும், நமக்கென்ன" என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் பூட்டுக்குள் போனது ஆபாசம் மட்டுமல்ல. குடியை விட முயல்கிறவர்களும், சிகரெட்டை விட முயல்கிறவர்களும், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக் கொள்ளும் ரெட்டிட் பக்கங்கள் சிலவும் வயதுப் பூட்டுக்குள் போய் விட்டன. அபராதத்துக்குப் பயந்த கம்பெனி, நல்லது கெட்டது பிரித்துப் பார்த்துக் கொண்டிருக்காது. சேர்த்தே அடைத்து விடும்.

குடியிலிருந்து மீளத் துடிக்கிற ஒருவன் தன் சொந்த அண்ணனிடம் கூடச் சொல்ல முடியாமல்தான் பெயர் தெரியாதவர்களிடம் போய்க் கேட்கிறான். அவனிடம் "முதலில் பாஸ்போர்ட்டைக் காட்டு" என்றால் என்ன செய்வான்? திரும்பிப் போய் விடுவான். கணவனின் அடிக்குத் தப்பி வழி தேடுகிற பெண்ணும் திரும்பிப் போய் விடுவாள். பெயரைச் சொல்லாமல் கேட்கிற உரிமை இவர்களுக்கெல்லாம் உயிர் காக்கிற உரிமை.

பட்டியலின் கதை ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். ஹாலந்து நாட்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மக்கள் பதிவேடு மிக நேர்த்தியாக இருந்தது. பெயர், விலாசத்தோடு மதமும் அதில் உண்டு. சொந்த அரசாங்கம், நிர்வாக வசதிக்காக, நல்ல எண்ணத்தோடு வைத்திருந்த பதிவேடு. 1940-இல் ஹிட்லரின் படை உள்ளே நுழைந்தது. பதிவேடு அவன் கைக்குப் போயிற்று. யூதர்கள் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேட வேண்டிய வேலையே அவனுக்கு இல்லை. அங்கிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 இரவில் நாட்டுப்பற்று மிக்க சிலர் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்து அந்த அட்டைகளைக் கொளுத்தப் பார்த்தார்கள். ஒரு பகுதிதான் எரிந்தது. அதற்காக அவர்களில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இன்றைய பிரிட்டனை ஹிட்லரோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். நான் சொல்வது இதுதான்: பட்டியலைத் தயாரிக்கிறவனின் நல்ல எண்ணம், பட்டியலோடு கூடவே போகாது. ஆட்சி மாறும், கம்பெனி கைமாறும், திருடன் வருவான். பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும். இல்லாத பட்டியலை மட்டும்தான் யாராலும் திருட முடியாது.

நம் நாட்டுக்கும் வந்து விட்டது

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று எழுந்து போய் விடாதீர்கள். நம் நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 9-ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாள்வதற்கு முன் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நல்ல விஷயம்தான். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் இதற்கான விதிகள் வெளிவந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கேயும் அதே முடிச்சு. யார் பிள்ளை, யார் பெரியவர் என்று தெரிய வேண்டுமானால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். பெற்றோர் என்று சொல்கிறவர் பெரியவர்தான் என்பதை உறுதி செய்ய அடையாளம் வேண்டும். டிஜிலாக்கர் போன்றவற்றின் வழியாக ஒரு 'டோக்கன்' பெற்றுக் காட்டலாம் என்று விதியில் ஒரு வழி இருக்கிறது. அது அட்டையின் படத்தை அனுப்புவதை விட மேலானது. ஆனால் அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, அரசு அறிவிக்கிற தன் அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கவும் இடம் வைத்திருக்கிறது. இதையும் நாம் கண் திறந்து பார்க்க வேண்டும்.

அந்தரங்கம் என்பது பணக்காரனின் சொகுசு அல்ல. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். அந்த உரிமை கையில் இருக்கும்போதே அதைக் காப்பாற்றிக் கொள்ள வேண்டும்.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது! குறை மட்டும் சொல்லி விட்டுப் போக நான் வரவில்லை. பிரான்ஸ் நாட்டில் ஆபாசத் தளங்களுக்கான விதிகளில் 'இரட்டை மறைப்பு' என்று ஒரு முறையைக் கொண்டு வந்தார்கள். வயதுக்குச் சான்று தருகிறவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியாது. தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியாது. "18 ஆகி விட்டது" என்ற ஒரே பதில் மட்டும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜூலையில் இதே அடிப்படையில் ஒரு செயலியின் மாதிரியை வெளியிட்டது. ஆஸ்திரேலியச் சட்டம், அரசாங்க அடையாள அட்டை ஒன்றை மட்டுமே கேட்டு வற்புறுத்தக் கூடாது, வேறு வழியும் தர வேண்டும் என்கிறது; வயதுக்காக வாங்கிய தகவலை வேலை முடிந்ததும் அழித்து விட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது.

ஆகவே, செய்ய முடியாததை நாம் கேட்கவில்லை. நம் கோரிக்கை மூன்றுதான். ஒன்று, வயது ஆகி விட்டதா இல்லையா என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது. இரண்டு, பார்த்தவுடன் அழிக்க வேண்டும். வைத்திருப்பதே குற்றமாக வேண்டும். மூன்று, வைத்திருந்து பறி கொடுத்தால், "வெளிக் கம்பெனி செய்தது" என்று கை கழுவ விடக் கூடாது. வாங்கியவனே பொறுப்பு ஏற்க வேண்டும்.

நம் கடையிலிருந்து தொடங்குவோம்

கடைசியாக, நமக்கு நாமே ஒரு கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் நம் பிள்ளை ஒருவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். அவன் பெயரில் வாங்கிய சிம் கார்டிலிருந்து யாரோ மோசடி செய்திருக்கிறார்கள். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. எப்போதோ ஒரு கடையில் கொடுத்த ஜெராக்ஸ், எத்தனையோ கை மாறி அந்த வேலையைச் செய்திருக்கிறது. நானும் அவன் வாப்பாவும் மூன்று நாள் ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடந்தோம். "ஒரு காகிதம்தானே ஹஜ்ரத், அதைக் கொடுத்தது ஒரு குத்தமா?" என்று அந்த மனிதர் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

வணிகச் சகோதரர்களே! உங்கள் கடை அலமாரியில், லாட்ஜ் வரவேற்பறையில், டிராவல்ஸ் அலுவலகத்தில், வாடிக்கையாளரின் ஆதார், பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எத்தனை கட்டுக் கிடக்கிறது? அவை பழைய காகிதம் அல்ல, அமானிதம். சட்டப்படி வைத்திருக்க வேண்டியதைப் பூட்டி வையுங்கள். வேலை முடிந்ததைக் கிழித்து எரித்து விடுங்கள். பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போடாதீர்கள். பார்த்தால் போதும் என்ற இடத்தில் பார்த்து விட்டுத் திருப்பிக் கொடுங்கள். நாளை நம்மிடம் கேட்கிற கம்பெனிக்காரனைத் தட்டிக் கேட்கும் தகுதி நமக்கு இருக்க வேண்டாமா?

இளைஞர்களே! ஆதார் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்; ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக் கொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு இருக்கிறது என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பாருங்கள். உங்களுடையது அல்லாததை உடனே தெரிவியுங்கள்.

பெற்றோர்களே! எந்தச் சட்டமும் உங்கள் வேலையைச் செய்யாது. வாப்பா கடையிலும் உம்மா அடுப்படியிலும் இருக்க, பிள்ளையைச் செல்போனிடம் ஒப்படைத்து விட்டு லண்டனில் சட்டம் வந்ததற்குச் சந்தோஷப்பட்டு என்ன பயன்? பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அதன் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். பெற்றவர்களின் கண்காணிப்பில் பட்டியலும் இல்லை, திருட்டும் இல்லை.

கடைவீதியில் என்னைக் கேட்ட அந்தச் சகோதரர் இங்கேதான் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குச் சொல்கிறேன்: பூட்டுப் போடட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பூட்டுப் போடுகிறவன் என் பிள்ளையைக் காக்கிறேன் என்று சொல்லி, என் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள்.